வயிற்று நீரில் பூஞ்சை: வேலூர் வட்டாரத்தில் டேப்பிங்கும் கல்ச்சரும் எப்படி நடக்கின்றன?

ஈரல் சுருங்கி வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டவர்கள் வேலூருக்கு வராத நாள் கிடையாது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா என்று பழைய வடாற்காடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். சித்தூரிலிருந்து வருகிறார்கள். ரயிலேறி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். ஊசி போட்டு அந்தத் தண்ணீரை வடிப்பதற்கு ஆஸ்பத்திரி வழக்கில் டேப்பிங் என்று பெயர். வடித்ததில் கொஞ்சம் லேபுக்குப் போகும். வடிப்பது, அனுப்புவது, கிருமியை வளர்த்துப் பார்ப்பது (இதுதான் கல்ச்சர்), ரிப்போர்ட் கொடுப்பது, அதற்கேற்ற மருந்து கைக்குக் கிடைப்பது எல்லாம் சேர்ந்ததைத்தான் இங்கே ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறோம். அளவுகோல் ஒன்றே ஒன்று: தண்ணீரில் பூஞ்சை இருந்தால் இந்தச் சேவை அதைக் காட்டிக்கொடுக்குமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தண்ணீர் வடிப்பதில் இந்த ஊர் தேர்ந்த கை. பாக்டீரியாவைப் பிடிப்பதில் பரவாயில்லை. பூஞ்சையைப் பிடிப்பதில் இடத்துக்கு இடம் ஏகப்பட்ட வித்தியாசம். அந்த வித்தியாசம் கட்டடத்தின் உயரத்தையோ பில்லின் நீளத்தையோ பார்த்து வருவதில்லை. தண்ணீர் வெளியே வந்த அடுத்த சில நிமிடங்களில் கட்டில் ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதில் பாதி இருக்கிறது. லேப் சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதில் மீதி.

விஷயம் என்னவென்றால், சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்க நோயாளியின் வயிற்று நீரில் கிருமி சேர்வது அடிக்கடி நடப்பது. அநேகமாக அது குடலிலிருந்து வரும் பாக்டீரியா. நீரில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று வைத்துக்கொண்டு கல்ச்சருக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். அது சரிதான். பூஞ்சை இதில் சிறுபான்மை. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை, ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாக்களைக் காலி செய்த இடத்தில் பெருகி, பழுதுபட்ட குடல் சுவரைத் தாண்டி நீரில் இறங்குகிறது. அளவில் பாக்டீரியாவைவிடப் பெரியது என்பதால் சுவர் நன்றாகவே கெட்டிருந்தால்தான் தாண்ட முடியும். அதனாலேயே இது பெரும்பாலும் முற்றிய நோயாளிகளிடம் வருகிறது. வந்தால் நிலைமை மோசம்: வெளியான பெரும்பாலான ஆய்வுத் தொகுப்புகளில் ஒரு மாதத்துக்குள் பாதிப்பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். கிருமியின் கொடுமை ஒரு காரணம். தாமதமாகக் கண்டுபிடிப்பது இன்னொரு காரணம், இந்த இரண்டாவதைத்தான் சேவையால் மாற்ற முடியும்.

யாருக்குச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு ஓரளவு தெளிவான அடையாளங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் படுத்திருப்பவர், சமீபத்தில் பலமான ஆன்டிபயாட்டிக் ஓடியவர், தொற்று வராமலிருக்க நார்ஃப்ளாக்சசினை மாதக்கணக்கில் சாப்பிடுபவர், சிறுநீரகமும் சேர்ந்து மக்கர் செய்பவர், ரத்தத்தில் பிலிருபின் (காமாலை நிறமி) ஏறிக்கொண்டே போகிறவர், குடியால் வந்த ஈரல் அழற்சிக்கு ஸ்டீராய்டு வாங்கியவர், வயிற்றில் குழாய் வைத்து நாள்கணக்கில் வடிய விட்டவர். இதைப் படித்துவிட்டு நார்ஃப்ளாக்சசினைத் தானாக நிறுத்த வேண்டாம். அதை நிறுத்தினால் பாக்டீரியா முதலில் வந்து நிற்கும்.

வேலூரில் இந்தச் சேவை மூன்று விதமாகக் கிடைக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனை. ஈரல் பிரிவும் நுண்ணுயிரியல் லேபும் ஒரே நிர்வாகத்தில் இருப்பவை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இங்கும் சொந்த நுண்ணுயிரியல் துறை உண்டு, பணம் பெரிய பிரச்சினை இல்லை, கூட்டம்தான் பிரச்சினை. மூன்றாவது, ஊருக்குள்ளும் சுற்று வட்டாரத்திலும் இருக்கும் சிறு நர்சிங் ஹோம்கள்: தண்ணீரை இவர்கள் வடிப்பார்கள், மாதிரியை வெளி லேபுக்கு அனுப்புவார்கள். இந்த மூன்றாம் வகையில்தான் நல்லதும் கெட்டதும் அதிகம். மாதிரி கை மாறும் இடங்கள் அதிகம் என்பதுதான் காரணம், டாக்டரின் திறமையில் குறை இல்லை.

ஊசியிலிருந்து தொடங்குவோம். இடது அடிவயிற்றில், இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து 3 செ.மீ. உள்ளே, 3 செ.மீ. மேலே என்பது வழக்கமான இடம். வயிற்றுச் சுவர் அங்கே மெலிசு, நீர் ஆழமாக நிற்கும். அல்ட்ராசவுண்ட் வைத்துக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. தோலைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்தினால், ஊசியை எடுத்த பிறகு தோலின் ஓட்டையும் உள் ஓட்டையும் நேராக நிற்காது. நீர் கசிவது குறையும். பரிசோதனைக்கு மட்டும் என்றால் 22 கேஜ் ஊசி போதும். ரத்தம் உறையும் கணக்கு, பிளேட்லெட் கணக்கு குறைவாக இருக்கிறது என்று சொல்லி டேப்பிங்குக்கு முன் பிளாஸ்மா பைகளை ஏற்றும் வழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. வழக்கமாக எல்லோருக்கும் அது தேவையில்லை என்பதுதான் ஈரல் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல். பெரிய ரத்தக்கசிவு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிளாஸ்மாவுக்காக ஒரு நாள் தள்ளிப்போடும் இடத்துக்கு எங்கள் மதிப்பெண் குறையும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த சிரோசிஸ் நோயாளிக்கு வயிற்றில் நீர் இருந்தால் 12 மணி நேரத்துக்குள் பரிசோதனை ஊசி போட்டிருக்க வேண்டும்.

அடுத்த கட்டத்தில்தான் நிறைய இடங்கள் கோட்டை விடுகின்றன. எடுத்த நீரை ஒரே ஒரு சாதா டப்பாவில் ஊற்றி, "ஃப்ளூயிட் ரொட்டீன், கல்ச்சர்" என்று எழுதி அனுப்பினால் பூஞ்சை மட்டுமல்ல, பாக்டீரியாவும் பாதிக்குப் பாதி தப்பிவிடும். நீரில் கிருமியின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் தடவினால் அதில் கிருமி இருப்பதே அதிர்ஷ்டம். ரத்தக் கல்ச்சர் பாட்டில்களில், கட்டில் ஓரத்திலேயே, பாட்டிலுக்கு 10 மி.லி. வீதம் செலுத்தினால் கண்டுபிடிக்கும் விகிதம் ஏறத்தாழ 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏறுகிறது. காற்றுள்ளது ஒன்று, காற்றில்லாதது ஒன்று என இரண்டு பாட்டில். கேண்டிடா பெரும்பாலும் காற்றுள்ள பாட்டிலில்தான் வளரும். ஆனால் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இனம் பாக்டெக் என்ற கல்ச்சர் இயந்திரத்தில் காற்றில்லா பாட்டிலில் சீக்கிரம் தலைகாட்டுவதுண்டு. செலவைக் குறைக்கிறேன் என்று ஒரு பாட்டிலோடு நிறுத்துவது அதனால் சரியான சிக்கனம் இல்லை.

பாட்டிலின் மூடியைத் திறந்தால் உள்ளே ரப்பர் இருக்கும். மூடி போட்டிருந்ததால் அது சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டுத்தான் குத்த வேண்டும். நோயாளியின் தோலில் குளோர்ஹெக்சிடின் தடவினாலும் அதே கதை, காய்ந்தால்தான் வேலை செய்யும். அவசரத்தில் ஈரத்தின் மேலேயே குத்துகிற கை எல்லா ஊரிலும் உண்டு. அப்படிச் செய்தால் தோலில் இருக்கும் கிருமி கல்ச்சரில் முளைத்து எல்லோரையும் குழப்பும்.

பாட்டில் போக இன்னும் மூன்று குழாய்கள் தேவை. ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாய் அணு எண்ணிக்கைக்கு. சாதா குழாயில் போனால் நீர் கட்டி தட்டிவிடும், நியூட்ரோபில்கள் அந்தக் கட்டிக்குள் சிக்கி எண்ணிக்கை குறைந்து காட்டும். புரதம், அல்புமின், குளுக்கோஸ், எல்.டி.எச். என்ற நொதி பார்க்க ஒரு சாதா குழாய். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கும் பூஞ்சைக்கென்று தனியாகத் தட்டில் வளர்ப்பதற்கும் ஒரு கிருமி நீக்கிய குழாய். இந்தக் கடைசிக் குழாயைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பூஞ்சைச் சந்தேகம் இருந்தால் அதில் 10 முதல் 20 மி.லி. தாராளமாகப் போகட்டும், லேபில் அதைச் சுழற்றி அடியில் படிவதை எடுத்துப் பார்ப்பார்கள், அளவு கூடினால் வாய்ப்பும் கூடும். லிட்டர் கணக்கில் வாளியில் கொட்டப்போகிற தண்ணீர்தான், கஞ்சத்தனத்துக்கு இதில் இடமே இல்லை.

நாள்கணக்கில் இருக்கும் குழாயின் பையிலிருந்து நீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவது தனி ரகத் தவறு. அந்தப் பையிலும் குழாயிலும் கேண்டிடா ஒட்டிக்கொண்டு வாழும். ரிப்போர்ட்டில் கேண்டிடா வந்தால் அது வயிற்றிலிருந்தா, பிளாஸ்டிக்கிலிருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாக ஊசி போட்டு எடுத்த நீர்தான் கணக்கு.

பிறகு வேலூர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஸ்கூட்டர் பெட்டிக்குள் மாதிரி எடுத்துக்கொண்டு காட்பாடி மேம்பால நெரிசலில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. கல்ச்சர் பாட்டில்களை ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது, சூட்டிலும் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் வைத்துச் சீக்கிரம் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். இயந்திரம் பார்ப்பது பாட்டிலுக்குள் கரியமில வாயு எப்படி ஏறுகிறது என்பதை. வழியிலேயே வெப்பத்தில் கிருமி வளர்ந்து முடித்துவிட்டால், ஏற்றம் நடந்து முடிந்த பிறகு உள்ளே போகும் பாட்டிலை இயந்திரம் வளர்ச்சியில்லை என்று தள்ளிவிடலாம். சனிக்கிழமை மாலை எடுத்து, திங்கட்கிழமை காலை ஏற்றப்படும் பாட்டில்களில் இந்த ஆபத்து அதிகம். வெளி லேபுக்கு அனுப்பும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஞாயிற்றுக்கிழமை பாட்டில் எங்கே இருக்கும்?" பதில் தடுமாறினால் கல்ச்சரை வேறிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

லேபுக்குள் போனதும் முதலில் வருவது அணு எண்ணிக்கை. இதற்குச் சில மணி நேரமே ஆக வேண்டும். மறுநாள் என்று சொல்லும் லேப் இந்தச் சேவைக்கு லாயக்கில்லை. ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு 400, நியூட்ரோபில் 70 சதவீதம் என்று இருந்தால், பெருக்கிப் பார்த்து 280 என்று எழுதிக் கொடுக்கும் லேப் நல்ல லேப். பெருக்காமல் விட்டால் ராத்திரிப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் 400ஐப் பார்ப்பாரா, 70ஐப் பார்ப்பாரா என்பது அவரவர் தூக்கத்தைப் பொறுத்தது. நீரில் ரத்தம் கலந்திருந்தால் 250 சிவப்பணுவுக்கு ஒரு நியூட்ரோபிலைக் கழிக்க வேண்டும். மொத்த நியூட்ரோபில் 480, சிவப்பணு 50,000 என்றால் 200ஐக் கழித்து 280. இன்னும் எல்லைக்கு மேலேதான்.

கிருமிக்கு நிறமேற்றும் கிராம் சாயம் போட்டுப் பார்க்கும்போது ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஊதாவாக, பாக்டீரியாவைவிடப் பெரிதாக, சில சமயம் மொட்டுவிட்டுக் கொண்டிருப்பதாகத் தெரியும். தெரிந்தால் அன்றே போன் போட்டுச் சொல்ல வேண்டிய செய்தி அது. தெரியவில்லை என்றால் ஒன்றும் நிரூபணமாகாது. கல்ச்சரில் கேண்டிடா பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் வளரும், கிளாப்ரேட்டா மெதுவாக. வழக்கமான பாட்டில்களை 5 நாள் வைத்திருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் பூஞ்சையும் இழைப் பூஞ்சைகளும் அதற்கு மேலும் நேரம் கேட்கலாம். பூஞ்சை வளர்ப்பதற்கான சபரோ தட்டில் தனியாகப் போட்டு 4 வாரம் வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும். லேப் சீட்டில் "பூஞ்சைக் கல்ச்சர்" என்று தனியாக எழுதாவிட்டால் அந்தத் தட்டையே போட மாட்டார்கள். லேபைக் குறை சொல்லிப் பயனில்லை, சீட்டில் கேட்டதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

வளர்ந்த பிறகு இனம் சொல்ல வேண்டும். "கேண்டிடா இனம், அல்பிகன்ஸ் அல்லாதது" என்று முடியும் ரிப்போர்ட்டுக்கு நாங்கள் பாதி மதிப்பெண்கூடத் தர மாட்டோம், ஏனென்றால் மருந்துத் தேர்வே இனத்தை வைத்துத்தான். குறைந்தபட்சம், ரத்தச் சீரத்தில் 37 டிகிரியில் 2–3 மணி நேரம் வைத்து முளைக்குழாய் பார்த்தால் அல்பிகன்ஸ் என்று ஊகிக்கலாம். நிறம் காட்டும் அகார் தட்டில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குருசெய் இளஞ்சிவப்பு. கிருமியின் புரதங்களை வைத்து இனம் சொல்லும் மால்டி-டாஃப் இயந்திரம் இருந்தால் நிமிடங்களில் தெரியும். கேண்டிடா ஆரிஸ் பழைய தானியங்கிக் கருவிகளில் ஹீமுலோனியை என்ற பெயரில் வருவதுண்டு; ஹீமுலோனியை என்று ரிப்போர்ட் வந்தால் மறுபரிசோதனை கேட்பது நல்லது. பெயர்களும் மாறிவிட்டன: கிளாப்ரேட்டாவை நகாசியோமைசிஸ் என்றும், குருசெய்யைப் பிச்சியா குட்ரியாவ்செவி என்றும் சில லேப்கள் எழுதத் தொடங்கியிருக்கின்றன. புதுக் கிருமி என்று பயப்பட வேண்டாம்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? நியூட்ரோபில் 250க்கு மேல், பூஞ்சையும் வளர்ந்திருக்கிறது, வயிற்றில் ஓட்டை எதுவும் இல்லை என்றால் தானாக வந்த பூஞ்சைத் தொற்று. பூஞ்சை வளர்ந்திருக்கிறது ஆனால் அணு எண்ணிக்கை 250க்குக் கீழே என்றால், அதையும் தள்ளிவிடக் கூடாது. தளர்ந்த நோயாளிக்கு வெள்ளணு திரட்டும் சக்தியே இருக்காது. அப்படி வந்தவர்களும் மோசமாவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. "கண்டாமினேஷன்" (வெளிக் கிருமி கலந்துவிட்டது) என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், மறு ஊசி போட்டு, ரத்தக் கல்ச்சரும் எடுத்துப் பார்க்கிற டாக்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

மறு ஊசி பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பலவீனமான கண்ணி எதுவென்று கேட்டால் இதுதான். ஆன்டிபயாட்டிக் தொடங்கி 48 மணி நேரத்தில் இன்னொரு முறை நீர் எடுத்து எண்ண வேண்டும். நியூட்ரோபில் 25 சதவீதமாவது குறையவில்லை என்றால் மருந்து பிடிக்கவில்லை என்று பொருள். 1,200 இருந்தது 1,000 ஆனால் அது 17 சதவீதம் கூட இல்லை. குறைகிறதே என்று திருப்திப்படக் கூடாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா, குடலில் ஓட்டை, பூஞ்சை என்று மூன்றையும் அப்போதே தேட வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மேலே மேலே ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு ஏற்றமும் கேண்டிடாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒழித்துக் கொடுக்கிறது.

குடல் ஓட்டையைப் பிரித்துப் பார்க்க அந்தச் சாதா குழாய் உதவும். நீரில் குளுக்கோஸ் 50 மி.கி.க்குக் கீழே, புரதம் 1 கிராமுக்கு மேலே, எல்.டி.எச். ரத்தத்தின் இயல்பு உச்சத்துக்கு மேலே: இவற்றில் இரண்டு இருந்தால் உடனே சி.டி. ஸ்கேன். கல்ச்சரில் கேண்டிடாவோடு இரண்டு மூன்று பாக்டீரியாவும் சேர்ந்து வளர்ந்தாலும் அப்படியே. அந்த நிலையில் அறுவை மருத்துவரைக் கூப்பிடாமல் பூஞ்சை மருந்து மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பது வீண்.

நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு அதிகம் என்று வந்தால் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது காசநோய், ஏ.டி.ஏ. பரிசோதனை. நியாயம்தான். ஆனால் எச்.ஐ.வி. இல்லாத சிரோசிஸ் நோயாளிக்கும் கிரிப்டோகாக்கஸ் வரும், அதுவும் இதே முகத்தோடு வரலாம். ஈரலுக்கே கெடுதலான காசநோய் மாத்திரைகளைத் தொடங்குமுன் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜன் ஒன்று பார்த்துவிட வேண்டும். ரத்தத்திலும் நீரிலும் பார்க்கலாம், பட்டைச் சோதனையில் சீக்கிரம் முடியும்.

சில லேப்களின் பட்டியலில் பீட்டா-டி-குளுக்கன் என்ற ரத்தப் பரிசோதனை விலை உயர்ந்த இடத்தில் நிற்கிறது. பூஞ்சையின் சுவர்ப் பொருளைத் தேடுவது. பரவலாகப் பயன்படும் கிட்டில் 80 பிகோகிராமுக்கு மேல் பாசிட்டிவ். சிரோசிஸ் நோயாளிக்கு இதில் நாங்கள் பெரிய நம்பிக்கை வைக்க மாட்டோம். அல்புமின் (வடித்த நீருக்கு ஈடாக ஏற்றும் ரத்தப் புரதம்) ஏற்றினால் பொய்யாக ஏறும், இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் ஏறும், சில வகை டயாலிசிஸ் சவ்வுகளாலும் ஏறும். இந்த நோயாளிகளில் அல்புமின் ஏறாதவர் யார்? கிரிப்டோகாக்கஸை இது பிடிக்கவும் பிடிக்காது. நெகட்டிவ் வந்தால் கேண்டிடா இல்லை என்று ஓரளவு தைரியம் கொள்ளலாம், அவ்வளவே அதன் உபயோகம்.

இனி மெடிக்கல் பக்கம். ஆஸ்பத்திரியில் வந்த தொற்று, நோயாளி தடுமாறுகிறார் என்றால் முதலில் எக்கினோகேண்டின் வகை ஊசி: காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின். காஸ்போஃபங்கின் முதல் நாள் 70 மி.கி., பிறகு தினம் 50. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் சைல்ட்-பியூ மதிப்பெண் 7 முதல் 9 வரை இருந்தால் கம்பெனித் தாளில் பிந்தைய அளவு 35 என்று இருக்கும். 9க்கு மேல் போனவர்களுக்கு அந்தத் தாளில் அளவே கிடையாது, டாக்டரின் தீர்மானம்தான். மைக்காஃபங்கின் தினம் 100. அனிடுலாஃபங்கின் முதல் நாள் 200, பிறகு 100. ஈரலுக்காக அளவு மாற்ற வேண்டியதில்லை. இந்த வகை மருந்து வயிற்று நீருக்குள் ரத்தத்தில் இருக்கும் அளவுக்குப் போய்ச் சேர்வதில்லை என்ற குறை உண்டு. கிரிப்டோகாக்கஸை இது தொடவே தொடாது. அந்த நோய்க்கு லைபோசோமல் ஆம்போடெரிசினும் ஃப்ளூசைட்டோசினும்தான்.

ஃப்ளூகோனசோல் விலை மலிவு, எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், வயிற்று நீருக்குள் நன்றாக இறங்கும். நோயாளி நிலையாக இருந்து, இனமும் அதற்குக் கட்டுப்படுவது என்று தெரிந்தால் முதல் நாள் 800, பிறகு தினம் 400 மி.கி. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பாதியாகும். குருசெய்க்கு இது இயல்பிலேயே பலிக்காது, கிளாப்ரேட்டாவுக்கு நம்ப முடியாது. பூஞ்சை என்று வாய்வழியாகக் கேட்டவுடன் 150 மி.கி. மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுப்பது தோல் படைக்குப் போதுமாயிருக்கலாம், இங்கே அது மருந்தே இல்லை. ஈரல் மாற்று ஆனவருக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவை இது ஏற்றிவிடும் என்பதை மெடிக்கல்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ஆம்போடெரிசினில் இரண்டு பாட்டில்கள், பெயர் பாதி ஒன்று, அளவு வேறு வேறு. லைபோசோமல் என்றால் உடல் எடைக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. பழைய வகையில் 1.5ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விலை குறைவு என்று கடையில் மாற்றிக் கொடுத்து, சீட்டில் இருந்த லைபோசோமல் அளவிலேயே ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய வகை சிறுநீரகத்தையும் கெடுக்கும், முற்றிய சிரோசிஸில் அந்தச் சிறுநீரகம் ஏற்கெனவே நூலில் தொங்குகிறது. பெட்டியின் மேல் "லைபோசோமல்" என்ற சொல்லைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

வெளியிலிருந்து மருந்து வாங்கிக் கொண்டுவரச் சொல்லும் இடங்களில் இன்னொரு சிக்கல். காஸ்போஃபங்கின் குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. பாலித்தீன் பையில் போட்டு, வெயிலில் ஆட்டோ பிடித்து, வார்டு வாசலில் பாஸ் கேட்டு நின்றால் மருந்தின் கதி? ஐஸ் பெட்டியும் பில்லும் சேர்த்துத் தரும் கடையே கடை. கரைப்பதிலும் இரண்டும் நேரெதிர். காஸ்போஃபங்கினை நார்மல் சலைனில் கரைக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸ் ஆகாது. லைபோசோமல் ஆம்போடெரிசினை ஊசிக்கான சுத்த நீரில் கரைத்த பிறகு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைன் பட்டால் வீழ்படிவாகிவிடும். வார்டு சுவரில் இதை எழுதி ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஒரு சபாஷ்.

அல்புமினைப் பற்றிச் சுருக்கமாக. 5 லிட்டருக்கு மேல் வடித்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம். 7 லிட்டர் வடித்தால் 8 கிராம் கணக்கில் 56 கிராம், அதாவது 20 சதவீத 100 மி.லி. பாட்டில் மூன்று. அல்புமின் இல்லாமல் 8, 9 லிட்டரை ஒரே மூச்சில் வடித்து, "வயிறு லேசாகிவிட்டது" என்று அனுப்பி வைக்கும் இடம் மலிவாகத் தெரியும். நாலு நாளில் சிறுநீரகம் கெட்டு, யூரியாவும் கிரியாட்டினினும் ஏறி வருவார்கள்.

செலவில் டேப்பிங்கும் கல்ச்சரும் பெரிதில்லை. பூஞ்சை ஊசிதான் குப்பிக்கு ஆயிரக்கணக்கில் இழுக்கும், குறைந்தது 2 வாரம் ஓடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், சேரும்போதே அல்புமினும் பூஞ்சை ஊசியும் தொகுப்புக்குள் வருமா, வெளியில் வாங்க வேண்டுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுவது நல்லது. மருந்து தொடங்கிய பிறகு கேட்டால் பேரம் பேச நேரமிருக்காது.

மொத்தத்தில் எங்கே போவது? நிலையாக இருப்பவருக்கு, வழக்கமான வடிப்பு மட்டும் என்றால், கல்ச்சர் பாட்டிலைக் கட்டில் ஓரத்தில் வைத்திருக்கும் எந்த நர்சிங் ஹோமும் போதும். வீட்டுக்குப் பக்கம் என்பதும் ஒரு சௌகரியம். ஆன்டிபயாட்டிக் ஓடியும் காய்ச்சலோ வயிற்றுவலியோ குழப்பமோ தணியாதவர், சிறுநீர் குறைந்தவர், சமீபத்தில் வார்டில் படுத்து எழுந்தவர் என்றால் லேபும் ஈரல் டாக்டரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் வேண்டும். பெரிய மருத்துவமனையோ அடுக்கம்பாறையோ, கூட்டத்தைச் சகித்துக்கொண்டு அங்கேதான்.

இடம் மாறும்போது வெறும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். எந்தத் தேதியில் நீர் எடுத்தது, நியூட்ரோபில் எத்தனை, எந்தெந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள், கல்ச்சர் இன்னும் லேபில் ஓடுகிறதா என்று எழுதி வாங்குங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் பலருக்கு அவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தயாராகிறது. லேபில் உங்கள் செல்போன் எண்ணும் புது டாக்டரின் பெயரும் இருக்கட்டும். பூஞ்சை வளர்ந்திருந்தால் அந்தத் தட்டைத் தூக்கிப் போட வேண்டாம், எக்கினோகேண்டினுக்கும் ஃப்ளூகோனசோலுக்கும் எம்.ஐ.சி. (கிருமியை அடக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) பார்க்க வேண்டும் என்று அன்றே சொல்லிவையுங்கள். லேப்கள் பழைய தட்டுகளை ரொம்ப நாள் வைத்திருப்பதில்லை.